குதி... கால்!

வெளிநாட்டு டாக்டர்கள் இந்த எலும்பு முறிவுக்கு ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். 'லவ்வர்ஸ் ஃப்ராக்சர்'. அதாவது, காதலன் முறிவு! காதலி வீட்டு மாடியில் இருக்கிறான் காதலன். கீழே வாசல் கதவு தட்டப்படுகிறது. வந்திருப்பது அவளுடைய அப்பா. அல்லது (பெயர் வைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள் ஆச்சே!) அவளுடைய புருஷன். பயல் ஜன்னலைத் திறக்கிறான், குதிக்கிறான். கையில் ஷூ, வாயில் பிராணன், தரையில் குதிகால்.

கேட்க ரொமான்டிக்காகத்தான் இருக்கிறது. ஆனால் நிஜத்தில் காதலர்களால் எலும்பு டாக்டர்களுக்கு வருமானம் ரொம்பக் கம்மி. சாரத்திலிருந்து விழுகிற கொத்தனார், ஏணி சரிந்த எலெக்ட்ரீஷியன், கூரை மாற்றப் போனவர், 'டேங்க்ல தண்ணி இருக்கானு ஒரு எட்டு பார்த்துடுங்களேன்' என்று மொட்டைமாடிக்கு மேலே ஏற்றப்பட்ட வீட்டு மாப்பிள்ளை... இவர்கள்தான் பெரும்பாலும் வந்து சேர்கிறார்கள். உலகம் பூராவும் இதே கதைதான். குதிகாலை உடைத்துக் கொள்கிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அதிலும் வேலைக்குப் போகிற, சம்பாதிக்கிற வயசுக்காரர்கள். ஸார், உங்களைத்தான் சொல்கிறேன்.

உடைந்தவுடன் கேட்கப்படும் முதல் கேள்வி, "ஆபரேஷன் பண்ணணுமா, வேண்டாமா?" தொடை எலும்பு, முழங்கால் சிப்பி என்றால் இதற்குப் பதில் அனேகமாகச் சட்டென்று வந்துவிடும். குதிகாலுக்கு அப்படி இல்லை. எலும்பு டாக்டர்கள் இதற்காக ஒரு நூறு வருஷமாகச் சண்டை போட்டுக் கொண்டிருக்கிறார்கள். இன்னும் முழுசாக ஓயவில்லை. நான் டாக்டர் இல்லை, வெறும் பி.காம். ஆனால் இந்தச் சண்டையைப் படிக்கப் படிக்க, இது ஒரு வரவு-செலவு விவகாரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆகவே எனக்கும் இதில் கொஞ்சம் அருகதை உண்டு.

* * *

முதலில் எலும்பைப் பார்த்துவிடுவோம்.

பாதத்திலேயே பெரிய எலும்பு இதுதான். டாக்டர் பாஷையில் கால்கேனியஸ். முகத்துக்குக் க்ரீம் உண்டு, தலைக்கு எண்ணெய் உண்டு. குதிகாலைப் பற்றி யார் நினைக்கிறார்கள்? இதன் முதுகில் சவாரி செய்கிற எலும்புக்கு தாலஸ் என்று பெயர். உடம்பின் மொத்த பாரமும் தாலஸ் வழியாக இறங்கி, குதிகாலுக்கு வந்து, அப்புறம்தான் பூமிக்குப் போகிறது.

குதிகால் எலும்பு கல் மாதிரி கெட்டி என்று நினைத்தால் தப்பு. குழிப்பணியாரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். மேலே மெல்லிசாக ஒரு மொறுமொறு தோல். உள்ளே பொதபொதவென்று பஞ்சு. நடக்க, ஓட, பஸ் பிடிக்க இந்த அமைப்பு ரொம்ப உசத்தி. ஆனால் பத்தடி உயரத்திலிருந்து செங்குத்தாக வந்து இறங்கினால் என்ன ஆகும்? தரை கீழிருந்து நிறுத்துகிறது. உடம்பு மேலிருந்து வருகிறது. நடுவில் தாலஸ் ஒரு கோடாலி மாதிரி குதிகாலுக்குள் இறங்குகிறது. பணியாரத்தின் மேல் கரண்டிக் காம்பை வைத்து அமுக்கின கதை. மேல் பரப்பு உள்ளே போய்விடும், பக்கச் சுவர் வெளியே பிதுங்கும். எலும்பு குட்டையாகிறது, அகலமாகிறது. அதனால்தான் சரியாகச் சேராத குதிகால்காரர்கள் பிற்பாடு "பழைய ஷூ நுழைய மாட்டேங்குது" என்கிறார்கள்.

ஷூ போனால் போகட்டும், செருப்பு போட்டுக் கொள்ளலாம். விஷயம் அது இல்லை. தாலஸும் குதிகாலும் சேருகிற இடத்தில் ஒரு மூட்டு இருக்கிறது. கணுக்கால் மூட்டு பாதத்தை மேலும் கீழும் அசைக்கும். அதற்குக் கீழே இருக்கிற இந்த மூட்டு, பாதத்தை இப்படியும் அப்படியும் பக்கவாட்டில் சாய்க்கும். சமதளமான ரோட்டில் இதன் அருமை தெரியாது. (நம் ஊரில் அப்படி ஒரு ரோட்டைக் கண்டுபிடித்தால் எழுதிப் போடவும்.) ஜல்லி, சரிவு, வரப்பு, பாதி தோண்டிப் போட்ட டெலிபோன் பள்ளம் இவற்றில் கால் வைத்தும் நாம் விழாமல் இருக்கிறோமே, அது இந்த மூட்டின் உபயம். குதிகால் முறிவுகளில் சுமார் நாலில் மூன்று இந்த மூட்டுக்குள்ளேயே பாய்கின்றன. மூட்டுப் பரப்பு பாளம் பாளமாக உடைந்து அமுங்கிவிடும். எலும்பு எப்படியும் ஒட்டிக் கொள்ளும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் மேடும் பள்ளமுமாக ஒட்டும். அப்புறம் ஒவ்வொரு அடியும் மாவு அரைக்கிற மாதிரிதான்.

இன்னொரு சமாசாரம். குதித்த வேகம் குதிகாலோடு நின்றுவிடாது. கால் வழியாக ஏறி முதுகுத்தண்டு வரை போகும். குதிகால் உடைந்தவர்களில் சுமார் பத்துப் பேரில் ஒருவருக்கு இடுப்புப் பக்கத்து முதுகெலும்பிலும் முறிவு இருக்கும். சிலருக்கு இன்னொரு குதிகாலும் போயிருக்கும். கால் வலி உயிர் போகும்போது முதுகு வலி நினைவுக்கு வராது. ஆகவே எத்தனை அடியிலிருந்து, எப்படி விழுந்தீர்கள் என்பதை டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுவது நல்லது. ஜன்னலில் ஏன் இருந்தீர்கள் என்பதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

அப்புறம், விழுந்த ஓரிரு நாளில் உள்ளங்காலின் நடுப்பகுதி வரை ரத்தம் கன்றி நீலம் பாரித்தால், அது சாதாரணச் சுளுக்கு இல்லை. குதிகால் முறிவுக்கு அது கிட்டத்தட்ட ரப்பர் ஸ்டாம்ப். 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு யாராவது வந்தால், பாட்டியாகவே இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எக்ஸ்-ரேக்குக் கிளம்புங்கள்.

* * *

இனி, அந்த நூறு வருஷச் சண்டை.

1908-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஃப்ரெடெரிக் காட்டன், தன் சகாவோடு சேர்ந்து ஒரு வைத்தியம் எழுதினார். எலும்பு பக்கவாட்டில் பிதுங்கிவிட்டதா? பாதத்தைப் பக்கவாட்டில் மணல் மூட்டை மேல் சாய்த்து வை. பிதுங்கின பக்கத்தில் கனமான கம்பளித் துணியைப் போடு. சுத்தியலால் அடி! நான் ஜோக் அடிக்கவில்லை, டாக்டர்தான் சுத்தியலால் அடித்தார். கத்தி வைத்துத் திறப்பதை அவர் ஒப்புக் கொள்ளவில்லை. ஆன்டிபயாடிக் என்கிற வார்த்தையே பிரபலமாகாத காலம். கிருமி உள்ளே போனால் கால் போகும், சில சமயம் ஆளே போவார். அதே காட்டன் 1916-ல், குதிகால் உடைந்த தொழிலாளிக்கு இனி உழைத்துப் பிழைக்கும் வாழ்க்கை அனேகமாக முடிந்தது என்கிற அர்த்தத்தில் எழுதினார். சுத்தியல் பிடித்தவரே கையை விரித்துவிட்டார்.

அடுத்து வியன்னா. முதல் உலக யுத்தத்தில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்துப் பழகின லோரென்ஸ் போலர் என்கிற சர்ஜனுக்கு, விபத்தில் அடிபட்டவர்களுக்கென்றே தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று ஆசை. யாரிடம் போனார் தெரியுமா? தொழிலாளர் இன்ஷூரன்ஸ்காரர்களிடம். 'கால் கோணிப் போனவனுக்கு ஆயுசு பூரா பென்ஷன் கொடுக்கிறீர்களே, அந்தக் காலை ஒழுங்காகச் சேர்த்தால் உங்களுக்குத்தானே மிச்சம்?' இதுதான் அவருடைய வாதத்தின் சாரம். பி.காம். படிக்காமலே இப்படி யோசித்திருக்கிறார் மனுஷர்! 1925-ல் ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

1931-ல் போலர் சொன்ன ஒரு கணக்கு, இன்றைக்கும் குதிகால் எக்ஸ்-ரேயைப் பார்க்கிற அத்தனை எலும்பு டாக்டர்களுக்கும் பாலபாடம். பக்கவாட்டில் எடுத்த படத்தில், குதிகால் எலும்பின் நடு முகட்டிலிருந்து முன்பக்கம் ஒரு கோடு, பின்பக்கம் ஒரு கோடு. ஒரு கூரை மாதிரி வரும். முன்பக்கக் கோட்டை அப்படியே பின்னால் நீட்டினால், அதற்கும் பின்கோட்டுக்கும் நடுவில் ஒரு கோணம் கிடைக்கும். நல்ல காலில் இது 20-லிருந்து 40 டிகிரி. முகடு அமுங்கினால் கூரை சப்பையாகி, கோணம் குறையும். சில சமயம் பூஜ்யம். அதற்கும் கீழே போய் மைனஸில் நிற்பதும் உண்டு, என் பேங்க் பாஸ்புக் மாதிரி.

கோணத்தை அளக்க வழி கிடைத்துவிட்டதே தவிர, அதை நிமிர்த்துவது லேசாக இல்லை. வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தார்கள், இடுக்கி மாதிரி நெருக்கிப் பார்த்தார்கள், மாவுக்கட்டுப் போட்டுப் பார்த்தார்கள். உள்ளே புதைந்த பரப்பை வெளியே போடுகிற கட்டு எப்படித் தூக்கும்? மாவுக்கட்டானாலும் சரி, மூங்கில் பத்தை வைத்த கட்டானாலும் சரி, கிணற்றில் விழுந்த வாளியைக் கிணற்றுச் சுவரைக் கட்டிப்பிடித்து எடுக்க முடியாது. 1942-ல் லண்டன் சர்ஜன் பாங்கார்ட் (தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பெயர் போனவர்) குதிகால் வைத்தியத்தின் பலன்கள் அத்தனையும் அழுகல் என்று பட்டவர்த்தனமாகவே எழுதிவிட்டார்.

அப்புறம் வந்தவர்தான் எனக்குப் பிடித்த ஆள். பீட்டர் எஸ்ஸெக்ஸ்-லோப்ரெஸ்டி. இரண்டாம் உலக யுத்தத்தில் பாராசூட் படையோடு இருந்த பிரிட்டிஷ் டாக்டர். வானத்திலிருந்து குதிக்கிறவர்களுக்கு எங்கெங்கே அடிபடும் என்று ஆராய்ந்து எழுதினவர். யுத்தம் முடிந்ததும் பர்மிங்காம் விபத்து ஆஸ்பத்திரி. குதிகால் உடைவதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று பார்த்து இரண்டு ஜாதியாகப் பிரித்தார். ஒன்றில் மூட்டுப் பரப்பு மட்டும் தனியாக அமுங்கும். இன்னொன்றில் உடைந்த துண்டு பின்பக்கம் வரை நீண்டு, நாக்கு மாதிரி இருக்கும். இந்த நாக்கு ஜாதிக்கு ஆளையே திறக்க வேண்டாம். பின்னாலிருந்து ஒரு கம்பியைச் செலுத்தி, காருக்கு ஜாக்கி போடுகிற மாதிரி நெம்பித் தூக்கலாம் என்று காட்டினார். அந்தக் கட்டுரை 1952-ல் அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. முந்தின வருஷமே, முப்பதுகளிலேயே போய்விட்டார்.

அந்த நாக்கு ஜாதியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். உடைந்த துண்டைக் குதிகால் நரம்பு (நாம் நரம்பு என்கிறோம், அது தசைநார்) மேலே இழுத்து, பின்பக்கத் தோலை உள்ளிருந்து முட்டிக் கொண்டு நிற்கும். தோல் வெளுத்துப் போகும். ரத்த ஓட்டம் நின்றால் அந்தத் தோல் செத்துவிடும். இதற்கு நாள் நட்சத்திரம் பார்க்கக் கூடாது. மணிக்கணக்குதான். அன்றைக்கே சரி செய்தாக வேண்டும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்ட காயத்துக்கும் இதே அவசரம்தான்.

* * *

மற்ற குதிகால்களுக்கோ, அவசரமே ஆகாது. நம்ம ஜனங்களால் தாங்க முடியாத விஷயம் இதுதான்.

என் நண்பர் ஒருவர். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உத்தியோகம். போன வருஷத்துக்கு முந்தின நவராத்திரி. பரண் மேலிருந்து கொலு பொம்மைப் பெட்டியை இறக்க ஏணியில் ஏறினார். பெட்டி பத்திரமாக அவர் மனைவி கைக்கு வந்துவிட்டது. நண்பர் தனியாக வந்தார். தசாவதார செட்டில் ஒரு கீறல் இல்லை. அவருடைய வலது குதிகால் மூன்று துண்டு.

ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சு. ஸ்கேன் எடுத்தாச்சு. சர்ஜன் வந்து பார்த்தார், "காலைத் தூக்கி மூணு தலையணை மேல வைங்க, ஐஸ் வைங்க, கொஞ்ச நாள் கழிச்சுப் பார்ப்போம்" என்று போய்விட்டார். மறுநாளும் அதே. நாலாம் நாளும் அதே. தினம் காலையில் வருவார், குதிகாலின் வெளிப்பக்கத் தோலை மெல்லத் தடவிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், போவார்.

சாத்துக்குடியோடு வந்த உறவு ஜனம் சும்மா இருக்குமா? நண்பரின் மாமா நேராகவே கேட்டுவிட்டார். "ஏன் டாக்டர், எதுக்காகக் காத்திருக்கீங்க?"

"தோல்ல சுருக்கம் விழணும் ஸார்."

"அதுக்கு அவனுக்கு அறுபது வயசாகணுமே டாக்டர்!"

சர்ஜன் சிரித்துவிட்டு விளக்கினார். குதிகால் உடைந்தால் பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடும். தோல் மினுமினுவென்று இழுத்துப் பிடித்துக் கொண்டு நிற்கும், தண்ணீர்க் கொப்புளங்கள்கூட வரும். குதிகாலின் வெளிப்பக்கத் தோலுக்கு இயல்பிலேயே சதை ஆதரவு கிடையாது. தோல், உடனே எலும்பு. அந்த நிலைமையில் கீறினால் தையல் சேராது, ஓரம் கறுத்துச் செத்துவிடும், சீழ் பிடிக்கும். வீக்கம் வடிந்து தோலில் மறுபடி மெல்லிய சுருக்கங்கள் தெரிந்தால்தான் கத்தியை எடுக்கலாம். பெரிய கீறலுக்கு இது பெரும்பாலும் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். ரொம்பவும் தள்ளிப் போடவும் முடியாது. மூன்று வாரத்தைத் தாண்டினால் துண்டுகள் இருந்த இடத்திலேயே ஒட்ட ஆரம்பித்துவிடும், பிரிப்பது கஷ்டம்.

போகும்போது சர்ஜன் இன்னொரு கேள்வி கேட்டார். "சிகரெட் உண்டா?"

நண்பர் மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். "எப்பவாவது..." என்றார் நண்பர். (நாளைக்கு ஒரு பாக்கெட்.)

இது நீதிபோதனைக் கேள்வி இல்லை. நிகோடின் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. ஏற்கெனவே ரத்தத்துக்குத் தவிக்கிற அந்தத் தோலில் இன்னும் கொஞ்சம் குழாயைத் திருகினால் என்ன மிஞ்சும்? சிகரெட், சர்க்கரை வியாதி, தோல் கிழிந்த முறிவு இவை சேரச் சேர, புண் ஆறாமல் போகிற அபாயம் ஏறிக் கொண்டே போகிறது. விடாமல் தம் அடிக்கிறவருக்குப் பெரிய கீறல் போடப் பல சர்ஜன்கள் தயங்குவார்கள். நண்பர் அன்றைக்கு நிறுத்தினார். அவர் மனைவி பத்து வருஷமாகச் சொல்லி நடக்காதது!

பத்தாம் நாள் சுருக்கம் விழுந்தது.

* * *

ஆபரேஷனில் என்னதான் செய்கிறார்கள்?

வழக்கமான பெரிய ஆபரேஷன் என்றால், குதிகாலின் வெளிப்பக்கம் இங்கிலீஷ் 'எல்' எழுத்து மாதிரி ஒரு கீறல். தோலையும் அடியில் இருப்பதையும் தனித்தனியாகப் பிரிக்காமல், ஒரே கனமாக எலும்பிலிருந்து உரித்துத் தூக்குகிறார்கள். அப்போதுதான் தோலுக்கு ரத்தம் நிற்கும். பிதுங்கின பக்கச் சுவரை டப்பா மூடி மாதிரித் திறந்தால், புதைந்து கிடக்கும் மூட்டுப் பரப்பு தெரியும்.

எல்லாமே நொறுங்கிக் கிடக்கும்போது எதை ஆதாரமாக வைத்து அடுக்குவது? இங்கேதான் கடவுள் ஒரு சின்ன உதவி செய்து வைத்திருக்கிறார். குதிகாலின் உள்பக்கம் அலமாரித் தட்டு மாதிரி நீட்டிக் கொண்டிருக்கும் ஒரு துண்டு, உறுதியான தசைநார்களால் தாலஸோடு கட்டப்பட்டிருக்கிறது. மற்றதெல்லாம் சிதறினாலும் அது பெரும்பாலும் இருந்த இடத்தைவிட்டு நகராது. சர்ஜன் அந்தத் துண்டைப் பிள்ளையார் சுழியாக வைத்து, புதைந்த பரப்பை நெம்பித் தூக்கி அதோடு சேர்த்து, மெல்லிய கம்பிகளால் குத்தி நிறுத்தி, எக்ஸ்-ரே டி.வி.யில் பார்த்து, பக்கச் சுவரை மூடி, ஒரு மெல்லிய உலோகத் தகட்டை வைத்து ஸ்க்ரூ முடுக்குகிறார். முக்கியமான ஸ்க்ரூக்கள் அந்த அலமாரித் தட்டைத்தான் போய்ப் பிடிக்கும். மூட்டுப் பரப்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் படி நின்றால்கூடப் பிற்பாடு தொந்தரவு. தச்சு வேலை, நகை வேலை இரண்டும் கலந்த சமாசாரம்.

இதெல்லாம் ஓரளவு கைகூடியதற்கு சி.டி. ஸ்கேனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். எக்ஸ்-ரே என்பது நிழல். ஸ்கேன், ரொட்டியைச் சீவின மாதிரி எலும்பைத் துண்டு துண்டாகக் காட்டுகிறது. 1993-ல் அமெரிக்காவின் ராய் சாண்டர்ஸ், ஸ்கேனில் மூட்டுப் பரப்பு எத்தனை துண்டு என்று எண்ணியே தரம் பிரித்தார். உடைந்தும் விலகாதது முதல் வகை: கத்தி வேண்டாம். இரண்டு துண்டு, மூன்று துண்டு: ஆபரேஷனுக்கு யோசிக்கலாம். நாலும் அதற்கு மேலும்: எவ்வளவு கெட்டிக்காரர் அடுக்கினாலும் பலன் சுமார்தான். அப்படிப்பட்டவர்களுக்கு அந்த மூட்டையே நிரந்தரமாக இணைத்துவிடலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு.

* * *

சரி, கேள்விக்கு வருவோம். இத்தனை பாடுபட்டு ஆபரேஷன் பண்ணினால் லாபமா?

கனடாவில் 4 பெரிய விபத்து சிகிச்சை மையங்களில், 1991-லிருந்து 1997 வரை வந்த 424 பேரைச் சீட்டுக் குலுக்கின மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்கு இல்லை. 2002-ல் முடிவு வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் இரண்டு கோஷ்டிக்கும் வித்தியாசம் இல்லை! சர்ஜன்கள் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் கணக்கை உள்ளே போய்ப் பிரித்துப் பார்த்தபோது சுவாரஸ்யம் வந்தது. வேலையில் அடிபட்டு நஷ்டஈடு வாங்கிக் கொண்டிருந்தவர்களைத் தனியாக வைத்துவிட்டுப் பார்த்தால், ஆபரேஷன் கோஷ்டிதான் முன்னால் நின்றது. அதிலும் 29 வயசுக்குக் கீழே இருந்தவர்கள், பளு தூக்காத லேசான வேலை பார்ப்பவர்கள், மூட்டுப் பரப்பு துல்லியமாகச் சேர்ந்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஆபரேஷன் வேண்டாம் என்று விட்டவர்களில், பின்னால் வலி தாங்காமல் மூட்டை இணைக்கிற ஆபரேஷனுக்குத் திரும்பி வந்தவர்கள் பல மடங்கு அதிகம்.

நஷ்டஈடு வாங்குகிறவன் நடிக்கிறான் என்று சட்டென்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்கள் பெரும்பாலும் கனமான உடலுழைப்புக்காரர்கள். முக்கால்வாசி குணமான கால் எனக்கும் உங்களுக்கும் போதும்; நாற்காலிக்குப் போய் நாற்காலியிலிருந்து வருகிறோம். மூட்டை தூக்கி ஏணி ஏறுகிறவருக்கு அந்தப் பாக்கிக் கால்வாசியில்தான் சாப்பாடே இருக்கிறது.

2014-ல் இங்கிலாந்துக்காரர்கள் 22 ஆஸ்பத்திரிகளில் 151 பேரை வைத்து இன்னொரு பரீட்சை. இரண்டு வருஷம் கழித்து வலியும் நடையும் இரண்டு கோஷ்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சிக்கல்கள்? ஆபரேஷன் கோஷ்டியில் 23 சதவீதம், மற்றதில் 4 சதவீதம். பெரும்பாலும் சீழ், ஆறாத புண். இதைப் படித்துவிட்டு 'ஆபரேஷனே வேண்டாம்' என்று ஒரு கட்சி கிளம்பியது. எதிர்க்கட்சியும் சும்மா இல்லை. 'ரொம்பக் கோரமாகக் கோணிப் போன குதிகால்களை நீங்கள் பரீட்சையிலேயே சேர்க்கவில்லையே, அவற்றுக்கு இந்த முடிவு எப்படிப் பொருந்தும்?' என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

இடையில் கீறலே சின்னதாகிவிட்டது. இப்போது பல இடங்களில் 'எல்' கீறலுக்குப் பதில், வெளிக் கணுவுக்குக் கீழே நாலைந்து சென்டிமீட்டர் கீறி, அந்தச் சந்து வழியாகவே மூட்டைத் தூக்கி ஸ்க்ரூ போடுகிறார்கள். தோல் சாவது, சீழ் பிடிப்பது கணிசமாகக் குறைகிறது. அவ்வளவு நாள் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் சாவித் துவாரம் வழியாக அலமாரி அடுக்குகிற வேலை இது. நிறையச் செய்து பழகின கை வேண்டும்.

என் கட்சி என்ன என்று கேட்டால், 'குதிகால் முறிவுக்கு ஆபரேஷன் நல்லதா' என்கிற கேள்வியே சரியில்லை. யார் குதிகால் என்று கேட்க வேண்டும். மூட்டு எத்தனை துண்டு, கோணம் எத்தனை டிகிரி, ஆளுக்கு என்ன வயசு, என்ன வேலை, சர்க்கரை உண்டா, தம் உண்டா, தோல் எப்படி இருக்கிறது, சர்ஜன் இந்த எலும்பில் எத்தனை பார்த்திருக்கிறார். கடைசிக் கேள்வியைக் கேட்க நமக்குக் கூச்சம். பேன்ட் தைக்கக் கொடுக்கும்போது டெய்லரிடம் எத்தனை விசாரிக்கிறோம்!

* * *

ஆபரேஷன் முடிந்ததும் நடக்கலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம். விரல்களையும் கணுக்காலையும் சீக்கிரமே அசைக்கச் சொல்வார்கள். ஆனால் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. 6-லிருந்து 12 வாரம். ஆபரேஷன் பண்ணாதவருக்கும் கிட்டத்தட்ட இதே தண்டனைதான். கக்கத்தில் கட்டையோடு ஒற்றைக் கால் தவம். இந்த நாட்களில்தான் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வைக்கச் சொன்ன மைத்துனர் தெய்வமாகத் தெரிவார். மாடிப்படி இல்லாத அறை, எட்டுகிற தூரத்தில் தண்ணீர், கால் வைக்க ஸ்டூல், இவை இருந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. ஆபீஸ்காரர் மேஜைக்கடியில் ஸ்டூல் போட்டுக் கொண்டு சில வாரங்களிலேயே வேலைக்கு வந்துவிடலாம். சாரத்தில் ஏறுகிறவருக்கு மாசக்கணக்கு. சிலர் அந்த வேலைக்குத் திரும்புவதே இல்லை.

தேறுவதும் சீக்கிரம் நடக்காது. ஒரு வருஷம், சில சமயம் இரண்டு வருஷம்கூட, கொஞ்சம் கொஞ்சமாகக் கால் சரியாகிக் கொண்டே வரும். காலையில் எழுந்து வைக்கிற முதல் பத்தடி விறைப்பாக இருக்கும், அப்புறம் இளகும். பக்கவாட்டுச் சாய்வு பழையபடி முழுசாகத் திரும்புவது அபூர்வம். வலி விடாமல் துரத்தினால், தாலஸையும் குதிகாலையும் ஸ்க்ரூ போட்டு ஒன்றாக இணைத்துவிடுவார்கள். வலி பெரும்பாலும் அடங்கும். கணுக்கால் மேலும் கீழும் அசைவதால் ரோட்டில் நடப்பதைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது; ஜல்லியிலும் சரிவிலும்தான் ஆசாமி தடுமாறுவார்.

நண்பர் இப்போது பஸ்ஸில் போகிறார், வருகிறார். ஷூ சைஸ் மாறவில்லை. ஆற்று மணலில் மட்டும் நடக்கப் பிடிக்கவில்லை என்கிறார். போன நவராத்திரிக்கு ஏணியில் ஏறியது மாமா. நண்பர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக் கொண்டார், இரண்டு கையாலும்.

உள்ளே இருக்கிற தகட்டை எப்போது எடுப்பார்கள் என்று அவரைப் பார்க்கிற எல்லோரும் கேட்கிறார்கள். எடுக்கவே வேண்டாம். ஸ்க்ரூ உறுத்தினாலோ, பக்கத்துத் தசைநாரில் உரசினாலோ, சீழ் வைத்தாலோதான் எடுப்பது. தொந்தரவில்லாதவரை அது அங்கேயே வாடகை இல்லாமல் குடியிருக்கலாம்.